வயரில் இல்லை கோளாறு!



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு. கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே மூட்டை கட்டும் அளவுக்கு வந்துவிட்டது" என்று மாணவர் மன்றச் செயலாளர் சொன்னார். கவிதை எனக்கு வராது என்பதால் அவரும் தப்பித்தார், நீங்களும் தப்பித்தீர்கள். எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தையே எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. மானம் போன கதைதான். ஆனால் டிப்ளமோ படிக்கிற எல்லாருக்கும் ஒரு நாள் உதவும் என்று நினைப்பதால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

நான் மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் பிரிவு. நெட்வொர்க்ஸ் பேப்பரில் 87 மார்க். ஓ.எஸ்.ஐ. மாடலின் ஏழு அடுக்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே சொல்வேன். 1984-ல் ஐ.எஸ்.ஓ. அதை வெளியிட்டது என்பது வரைக்கும் எழுதி, படம் போட்டு, கலர் பென்சிலில் கோடும் போட்டவன். அப்படிப்பட்டவனுக்கு வீட்டில் இருக்கும் இரண்டே இரண்டு கம்ப்யூட்டர்களைச் சேர்க்கத் தெரியவில்லை!

முதலில் வீட்டைப் பற்றி. அப்பா வயர்மேன். முப்பது வருஷமாக ஏணி ஏறி ஏறி முழங்கால் போய்விட்டது. இப்போது சின்னச் சின்ன வேலைக்கு மட்டும் போகிறார். அக்கா முன்னறையில் டி.டி.பி. வேலை செய்கிறாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோவில் நோட்டீஸ், எல்லாம். அட்டைகளை ரெடிமேடாக மொத்தமாக வாங்கி வைத்து, விஷயத்தை மட்டும் வீட்டிலேயே அச்சடித்துக் கொடுப்பாள். என் செமஸ்டர் ஃபீஸ் அதிலிருந்துதான் வருகிறது.

முன்னறையில் இருப்பது பழைய மிஷின், விண்டோஸ் 7. பேஜ்மேக்கரும், அக்காவின் கைக்குப் பழகிய தமிழ் ஃபாண்டுகளும் அதில்தான் இருக்கின்றன. பின்னறையில் ப்ரிண்டரோடு இன்னொரு மிஷின். இந்த ப்ரிண்டருக்குப் பழைய மிஷினுக்கான ட்ரைவர் கிடையாது. அதனால் அக்கா முன்னறையில் டிசைன் முடித்து பி.டி.எஃப். ஆக்கி ஷேர் ஃபோல்டரில் போடுவாள். பின்னறையில் அம்மா அதைத் திறந்து ப்ரிண்ட் கொடுப்பாங்க. நடுவில் இரண்டு கனத்த சுவர். வைஃபை அங்கே எட்டாது. அப்பாதான் ரவுட்டரிலிருந்து பின்னறை வரை சுவரோரமாகக் கேசிங் அடித்து, கேட் 6 கேபிளை இழுத்து, இரண்டு பக்கமும் கனெக்டர் க்ரிம்ப் செய்தார். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை ப்ரௌன், ப்ரௌன். இந்த வரிசையை நான் வாசிக்க வாசிக்க அவர் அடுக்கினார். அவர் வாழ்க்கையில் இழுத்த முதல் நெட்வொர்க் கேபிள் அது. வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

நான்கு வருஷம் எல்லாம் நன்றாக ஓடியது. பிறகு பின்னறை மிஷின் செத்தது. செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கினோம், விண்டோஸ் 11 ப்ரோ போட்டது. கேபிளைச் செருகினோம். இன்டர்நெட் வந்தது. ஷேர் ஃபோல்டர் மட்டும் வரவில்லை.

"டேய், நீதான் நெட்வொர்க் படிக்கிறவனாச்சே. வந்து பாரு" என்று அக்கா போன் செய்தாள். சனிக்கிழமை மதியம் ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போனேன். உட்கார்ந்தேன். பழைய மிஷினின் முகவரியை அடித்தேன். ஏதோ ஒரு நீளமான செய்தி வந்தது. இரண்டு வரி ஆங்கிலம். "பாலிசி" என்று ஒரு வார்த்தை கண்ணில் பட்டது. படிக்காமலே மூடிவிட்டேன். சேரை விட்டு எழுந்து, பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன்:

"கேபிள்தாங்க்கா ப்ராப்ளம். அப்பா கரண்டு வயர் இழுக்கிற மாதிரி இதையும் இழுத்திருக்காரு. இதெல்லாம் அப்படி இழுக்கக் கூடாது. க்ரிம்ப்பிங் லூஸா இருக்கும்."

அப்பா திண்ணையில்தான் இருந்தார். காதில் விழுந்திருக்கும். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது ஏணி போட்டு மேலே நின்றுகொண்டிருந்தார். கேசிங்கைத் திறந்து கேபிளை அடி அடியாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு படி இறங்கும்போதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் பழைய கனெக்டரை வெட்டிவிட்டுப் புதிதாக அடித்தார். அப்போதும் ஷேரிங் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்தவை இருக்கின்றனவே, அவற்றைக் கேட்டால் நம் லேப் அசிஸ்டென்ட் என்னை லேபுக்குள்ளேயே விடமாட்டார். இரண்டு மிஷினிலும் ஃபயர்வாலை நிறுத்தினேன். வொர்க்குரூப் பெயரை மாற்றினேன். எங்கோ பார்த்த ஞாபகத்தில் எஸ்.எம்.பி. 1 என்ற பழைய வசதியைப் புது மிஷினில் ஏற்றினேன். பழைய மிஷினில் டி ட்ரைவ் முழுவதையும் "எவரிஒன், ஃபுல் கன்ட்ரோல்" என்று திறந்துவிட்டேன். கடைசியில் ரவுட்டரின் பின்னால் குண்டூசியை விட்டு ரீசெட் அடித்தேன். அதில் இன்டர்நெட் யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்து, பிராட்பேண்ட்காரர் வந்து போடும்வரை வீட்டில் நெட்டும் இல்லை! ஒரு கோளாறோடு ஆரம்பித்தேன். நாலு கோளாறோடு முடித்தேன். எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை என்று எனக்கே கணக்கு இல்லை.

"பரவாயில்ல விடு தம்பி, பென்டிரைவ்ல பார்த்துக்கறேன்" என்றாள் அக்கா. நான் ஞாயிறு இரவு ஹாஸ்டலுக்கு பஸ் ஏறிவிட்டேன்.

புதன்கிழமை அம்மா போனில் சொன்னாங்க. ஒரு கல்யாணப் பத்திரிகை, 250 அட்டை. சனிக்கிழமை பென்டிரைவில் போட்ட ஃபைலில் முகூர்த்தம் காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள். மாப்பிள்ளை வீட்டார் திங்கட்கிழமை கூப்பிட்டு 7.30-க்கு மேல் 9.00-க்குள் என்று மாற்றச் சொன்னார்கள். அக்கா முன்னறையில் திருத்தி, "ஃபைனல் 2" என்று பெயர் வைத்து அதே பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். பின்னறையில் "ஃபைனல்" என்பதைத் திறந்து ப்ரிண்ட் போட்டுவிட்டார்கள். 250 அட்டையும் வீண். ஒரு அட்டை 12 ரூபாய். 3,000 ரூபாய் போயிற்று. அதைவிட, பார்ட்டி முகத்தில் விழிக்க அக்கா பட்ட சங்கடம்.

ஷேர் ஃபோல்டர் என்பது ஒரு சொகுசு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை. ஒரு ஃபைல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், யார் திறந்தாலும் அதே ஒன்றுதான் திறக்க வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். பென்டிரைவ் அந்த ஒன்றை இரண்டாக்கிவிட்டது. அக்காவும் தப்பு செய்யவில்லை, அம்மாவும் தப்பு செய்யவில்லை. வேலையை அரைகுறையாக விட்டுப் போனது நான்.

அடுத்த சனிக்கிழமை போனேன். அப்பா டெஸ்ட் லாம்ப் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, ஒரு வீட்ல லைட் எரியலைன்னா நீங்க எப்படிப் பார்ப்பீங்க?" என்று கேட்டேன். வேண்டுமென்றே கேட்டதுதான், பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கரண்டு எதுவரைக்கும் வருதுன்னு பார்ப்பேன். மீட்டர்ல இருக்கா, மெயின்ல இருக்கா, போர்டுல இருக்கா, ஹோல்டர்ல இருக்கா. வர்ற இடம் ஒண்ணு, வராத இடம் ஒண்ணு தெரிஞ்சுதுன்னா கோளாறு அந்த ரெண்டுக்கும் நடுவுலதான். அதை விட்டுட்டு பல்பையும் சுவிட்சையும் ஒரே நேரத்துல மாத்துனா எது போச்சுன்னு எப்படிடா தெரியும்?"

நண்பர்களே, ஏழு அடுக்கையும் மனப்பாடம் செய்து 87 வாங்கிய எனக்கு, அந்த ஏழு அடுக்கு எதற்கு என்று அன்றுதான் விளங்கியது. கீழே இருக்கும் அடுக்கு சரி என்று கண்ணால் பார்த்த பிறகே மேல் அடுக்குக்குப் போ! ஒரு நோட்டை எடுத்தேன். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களே, பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இனி வருவது பம்ப்செட்டுக்கும் பொருந்தும்.

முதல் வேலை, போன வாரம் செய்ததையெல்லாம் திருப்பி வைப்பது. ஃபயர்வாலை இரண்டிலும் போட்டேன். எஸ்.எம்.பி. 1-ஐ எடுத்தேன். திறந்துவிட்ட டி ட்ரைவை மூடினேன். இப்போது கோளாறு பழையபடி ஒன்று மட்டும்தான் என்ற நம்பிக்கை வந்தது.

அடுத்து மீட்டர் பெட்டி, அதாவது கேபிள். ரவுட்டரில் அந்தப் போர்ட்டுக்கு நேராகப் பச்சை லைட் எரிந்துகொண்டிருந்தது. புது மிஷினில் லிங்க் வேகம் பார்த்தேன். 1000 எம்.பி.பி.எஸ். என்று காட்டியது. இதில் ஒரு விஷயம் இருக்கிறது. 100 வேகத்துக்குக் கேபிளின் நாலு ஜோடியில் இரண்டு ஜோடி போதும். 1, 2, 3, 6 என்ற பின்கள். 1000 வேகத்துக்கு நாலு ஜோடியும், எட்டு வயரும் வேண்டும். ஒரு வயர் விட்டிருந்தாலும் 1000 நிற்காது. 100-க்கு இறங்கும், அல்லது லைட்டே வராது. அப்படியென்றால் அப்பா அடித்த எட்டு வயரும் கெட்டி. கேபிளின் நீளம் 20 மீட்டர்கூட இல்லை. 100 மீட்டர் வரை போகலாம். என் முதல் தீர்ப்பு, ஒரு லைட்டைப் பார்த்திருந்தாலே பொய்யாகியிருக்கும்.

மூன்றாவது, முகவரி. இரண்டு மிஷினிலும் கறுப்புத் திரையைத் திறந்து 'ஐ.பி.கான்ஃபிக்' கொடுத்தேன். பழையது 192.168.1.3, புதியது 192.168.1.7. இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.0. ஒரே தெருவில் இரண்டு வீடு மாதிரி. 169.254 என்று ஆரம்பித்திருந்தால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை, மிஷின் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். இங்கே அப்படி இல்லை. சரி, மெயினிலும் கரண்டு இருக்கிறது.

நான்காவது, பிங். புது மிஷினிலிருந்து பழையதைக் கூப்பிட்டேன். நாலு பதிலும் வந்தன. பழையதிலிருந்து புதியதைக் கூப்பிட்டேன். "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்." நாலு முறையும் அதே. போன வாரமாக இருந்தால், "பார்த்தாயா, கேபிள்!" என்று குதித்திருப்பேன். இந்த முறை நோட்டில் எழுதிவிட்டு யோசித்தேன். புதியது கூப்பிட்டுப் பழையது பதில் சொன்னதென்றால், கேள்வி போக ஒரு வழியும் பதில் வர ஒரு வழியும் வேண்டுமே! அப்படியானால் வயரில் இரண்டு திசையும் ஓடுகிறது. ஒரு பக்கம் மட்டும் பேச மறுக்கிறதென்றால், அது வாசலில் நிற்கும் காவல்காரன் வேலை. ஃபயர்வால்.

பார்த்தால் புது மிஷினில் நம் வீட்டு நெட்வொர்க்கை "பப்ளிக்" என்று வைத்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டில், ஓட்டலில் கிடைக்கும் நெட்டைப் போல நினைத்து, யார் தட்டினாலும் கதவைத் திறக்காது. விண்டோஸ் 11 புதிதாக ஒரு நெட்வொர்க்கைப் பார்த்தால் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். செட்டிங்கில் போய் "ப்ரைவேட்" என்று மாற்றினேன். பழையதிலிருந்து பிங் வந்தது. ஃபயர்வாலை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. இது வீடு என்று அதற்குச் சொன்னால் போதும். அதுவரை காலியாக இருந்த நெட்வொர்க் ஜன்னலில் கொஞ்ச நேரத்தில் பழைய மிஷினின் படமும் வந்தது.

இங்கே ஒரு குறிப்பு. அந்த ஜன்னலில் பெயர் வந்தால்தான் ஷேரிங் வேலை செய்யும் என்று பலர் நினைக்கிறோம். தேவையில்லை. இரண்டு சாய்கோடு போட்டு ஐ.பி. முகவரியை நேராக அடித்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை. பெயர்ப் பலகை இல்லாவிட்டாலும் கதவு எண் தெரிந்தால் வீட்டுக்குப் போகலாம் அல்லவா?

ஐந்தாவது, அதைத்தான் செய்தேன். முகவரி அடித்தேன். போன சனிக்கிழமை வந்த அதே நீளமான செய்தி மறுபடி வந்தது. இந்த முறை ஒவ்வொரு வார்த்தையாக நோட்டில் எழுதினேன். உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை, அடையாளம் காட்டாத விருந்தாளியைத் தடுக்கிறது என்பதுதான் அதன் சாரம்.

சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் ஏது நிறுவனம்? ஒரு டி.டி.பி., ஒரு ப்ரிண்டர், அக்காதான் எம்.டி., அம்மாதான் மேனேஜர். சிரித்து முடித்தபின் வயிற்றைப் பிசைந்தது. கோளாறு என்ன என்று கம்ப்யூட்டரே ஒரு வாரம் முன்னால் எழுதிக் காட்டியிருக்கிறது. அதை நான் படிக்காமல் மூடிவிட்டு, அப்பாவை ஏணி ஏற்றியிருக்கிறேன்.

விருந்தாளி என்றால் என்ன? நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் எஸ்.எம்.பி. முறையை 1983-ல் ஐ.பி.எம்.-இல் பாரி ஃபைகன்பாம் உருவாக்கினார். 1992-ல் வந்த விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ் மூலம் சின்ன ஆபீஸ்களுக்கும் அது வந்தது. அந்தக் காலத்தில் ஒரே அறைக்குள் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் நம்பினார்கள். 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, வீடுகளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று, நெட்வொர்க் வழியாக வருகிற எவரையும் "கெஸ்ட்" என்றே உள்ளே விட்டது. எங்கள் வீட்டுப் பழைய மிஷினிலும் "பாஸ்வேர்டு பாதுகாப்பு வேண்டாம்" என்று ஒரு பட்டன் அமுக்கப்பட்டிருந்தது. அமுக்கியவர் யார்? நானேதான்! அப்பா கேபிள் இழுத்த அன்று, சீக்கிரம் வேலை முடியட்டும் என்று. 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து ப்ரோவும் இப்படிப்பட்ட விருந்தாளித் தொடர்பை ஏற்பதில்லை. அடையாளம் இல்லாத தொடர்பில், எதிரே இருப்பது உண்மையான மிஷின்தானா, வழியில் யாராவது ஃபைலை மாற்றினார்களா என்று சரிபார்க்க வழியில்லை என்பதுதான் காரணம்.

இந்தத் தடையை எடுக்கவும் ஒரு குறுக்கு வழி உண்டு. செட்டிங்கை மாற்றினால் விருந்தாளி மறுபடி உள்ளே வரலாம். ஐந்து நிமிட வேலை. கை அங்கேதான் போனது. அப்போதுதான் போன வாரம் நான் ஏற்றிய எஸ்.எம்.பி. 1 பற்றிக் கொஞ்சம் படித்தது ஞாபகம் வந்தது.

2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. எஸ்.எம்.பி. 1-இல் இருந்த ஓட்டை வழியாக, 445 என்ற போர்ட்டைத் தட்டித் தட்டி, யாரும் எதையும் க்ளிக் செய்யாமலே மிஷினுக்கு மிஷின் தாவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகளே தள்ளிப்போயின. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-லேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள், அதில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 மிஷின்கள். அந்த வருஷக் கடைசியிலிருந்து விண்டோஸ் 10-ஐப் புதிதாகப் போட்டால் எஸ்.எம்.பி. 1 தானாக வருவதில்லை. எங்கள் முன்னறையில் இருப்பதும் விண்டோஸ் 7. அதற்குச் சாதாரண சப்போர்ட் 2020 ஜனவரி 14-உடன் முடிந்துவிட்டது. அதில் அக்காவின் பத்து வருஷ வேலை இருக்கிறது. அதன் டி ட்ரைவைத்தான் ஒரு வாரம் எவரிஒன்னுக்கும் திறந்து போட்டுவிட்டு ஹாஸ்டலில் தூங்கினேன்!

குறுக்கு வழியை விட்டேன். பழைய மிஷினில் பாஸ்வேர்டு பாதுகாப்பை மறுபடி போட்டேன். அக்காவின் அக்கவுண்டைக் கொடுத்துப் பார்த்தேன். உள்ளே விடவில்லை. அக்கா பாஸ்வேர்டே வைக்கவில்லை. பாஸ்வேர்டு இல்லாத அக்கவுண்டு மிஷினின் முன்னால் உட்கார்ந்தால் திறக்கும், நெட்வொர்க் வழியாகத் திறக்காது. இதையும் நோட்டில் எழுதினேன். பிறகு "பத்திரிகை" என்று தனியாக ஒரு அக்கவுண்டு போட்டு, பாஸ்வேர்டு வைத்தேன். டி ட்ரைவ் முழுவதையும் கொடுக்காமல் ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் ஷேர் செய்தேன். புது மிஷினில், பழைய மிஷினின் பெயர், ஒரு சாய்கோடு, பிறகு அக்கவுண்டு பெயர் என்று அடித்தேன்.

திறந்தது!

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பின்னறையிலிருந்தே ஒரு ஃபைலைச் சேமித்துப் பார்த்தேன். "அனுமதி இல்லை." போன வாரமாக இருந்தால் மண்டை காய்ந்திருக்கும். இப்போது பயமில்லை. கரண்டு ஹோல்டர் வரை வந்துவிட்டது, பல்பு மட்டும்தான் பாக்கி. ஃபோல்டருக்கு இரண்டு பூட்டு உண்டு. ஷேரிங்குக்கு ஒன்று, டிஸ்க்கில் அந்த ஃபோல்டருக்கே ஒன்று. இரண்டில் எது கெடுபிடியானதோ அதுதான் செல்லும். 'அட்வான்ஸ்டு ஷேரிங்' வழியாகப் போனால் தொடக்கத்தில் எவரிஒன்னுக்குப் படிக்க மட்டும் அனுமதி இருக்கும். எவரிஒன்னை எடுத்துவிட்டு, "பத்திரிகை" அக்கவுண்டுக்கு இரண்டு இடத்திலும் மாற்றும் அனுமதி கொடுத்தேன். ஃபைல் சேமித்தது.

கடைசியாக ஒன்று. பழைய மிஷினுக்கு ரவுட்டர் தானாகக் கொடுக்கும் வரிசைக்கு வெளியே 192.168.1.200 என்று நிலையான முகவரி வைத்தேன். கேட்வே கட்டத்தைக் காலியாக விட்டு, ஐ.பி. வெர்ஷன் 6-இன் டிக்கையும் எடுத்தேன். அதனால் அது பின்னறையோடு பேசும், இன்டர்நெட்டுக்குப் போகாது. சப்போர்ட் முடிந்த மிஷினைத் தெருவுக்கு அனுப்பாமல் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது. முழு பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன். அக்காவின் ஃபைல்களை வெளியே ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்துத் தனியாகவும் வைத்தோம்.

மொத்தம் இரண்டே கால் மணி நேரம். நோட்டில் நாலு பக்கம். அக்கா முன்னறையில் ஒரு முகூர்த்த நேரத்தை மாற்றிச் சேமித்தாள். பின்னறையில் அம்மா திறந்தாங்க. மாறிய நேரம்தான் இருந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு அது போதும்.

அப்பா வந்து எட்டிப் பார்த்தார். "என்னடா கோளாறு? வயரா?"

"இல்லைப்பா. வயர் பக்காவா இருக்கு. எட்டு வயரும். நான்தான் பார்க்காம சொல்லிட்டேன்."

"லைட்டுதான் அன்னிக்கே எரிஞ்சுதே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சும் ஏம்ப்பா ஏணி ஏறுனீங்க?"

"படிச்ச புள்ள சொல்ற. எனக்குத் தெரியாத ஏதாச்சும் இருக்கும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு டெஸ்ட் லாம்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நண்பர்களே, அந்த ஒரு வார்த்தையைத்தான் இந்த மலரில் எழுத நினைத்தேன். நாளைக்கு நாம் எல்லோரும் கையில் டிப்ளமோவோடு வெளியே போவோம். ஒரு ஃபாக்டரியில், சைட்டில், ஆபீஸில் நிற்போம். நம்மைவிட அனுபவம் உள்ள ஃபிட்டரும், கொத்தனாரும், வயர்மேனும் நம் வாயைப் பார்ப்பார்கள். படித்தவன் சொல்கிறான் என்பதற்காகவே ஒரு நல்ல கேபிளை வெட்டுவார்கள், ஒரு நல்ல மோட்டாரைக் கழற்றுவார்கள். அவர்கள் நம்மை நம்புவதற்கு நாம் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மரியாதை, வாயைத் திறப்பதற்கு முன்னால் லைட் எரிகிறதா என்று ஒரு தடவை பார்ப்பது. மிஷின் காட்டும் செய்தியை முழுசாகப் படிப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை எழுதி வைப்பது. கீழே இருந்து மேலே போவது.

இதற்கு 87 மார்க் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

ஹாஸ்டலில் யாருக்காவது ஷேரிங் வரவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "லைட் எரியுதா?"